உருவப்படமும் கூர்மையும்

நிழற்படங்களைத் திருத்துவோர் இக்காலத்திற் பெரிதும் கையாளும் செயல்களுள் ஒன்று கூர்மைப்படுத்தல் ஆகும். முகமொன்றின் படம் சற்றே மங்கியிருப்பின், தெளிவு போதாது என்கிறோம். கணினித் திரையிலுள்ள அளவுகோலொன்றை வலப்புறம் நகர்த்துகிறோம். உடனே இமைமயிர் எழுந்து நிற்கின்றது. தலைமயிர் இழையிழையாகப் பிரிகின்றது. சேலைக்கரையின் சரிகை மின்னுகின்றது. இத்தெளிவு எங்கிருந்து வந்தது? கமரா காணாததைக் கணினி கண்டுவிட்டதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடையை முன்னரே கூறிவிடலாம். வழமையான கூர்மைப்படுத்தல் படத்துள் எள்ளளவு செய்தியையேனும் புதிதாகச் சேர்ப்பதில்லை. நம் கண்ணின் இயல்பொன்றையே அது துணைக்கொள்கின்றது.

அவ்வியல்பு யாதென முதலில் நோக்குவாம். வெளிறிய பட்டையொன்று சிறிது சிறிதாகக் கறுத்துக் கரிய பட்டையொன்றிற் சென்று சேருமாறு வரைந்து பார்த்தால், மாற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு வெண்கீற்றும், முடியும் இடத்தில் ஒரு கருங்கீற்றும் தோன்றும். தாளில் அக்கீற்றுக்கள் இல்லை. எர்ணஸ்ற் மாக் என்னும் ஒஸ்திரிய அறிஞர் 1865ஆம் ஆண்டில் இத்தோற்றத்தை விளக்கினார். கண்ணில் ஒளியை உணரும் கலமொன்று தூண்டப்படும்போது, தன் அயற்கலங்களின் தூண்டலைச் சிறிது அடக்குகின்றது என்பதைப் பின்னர் ஹாட்லைன் என்பார் குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்து காட்டினார்; கண்பற்றிய ஆய்வுகளுக்காக 1967ஆம் ஆண்டின் நோபெற் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. விளிம்புகளை மிகைப்படுத்திக் காண்பதே கண்ணின் வழக்கம். விளிம்பு வலிதாயின் பொருள் தெளிவாயிருக்கின்றது என்று மனம் துணிந்துவிடுகின்றது.

கணினி செய்வதும் இதுவே. ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். கன்னத்தின் நிழலும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் அடுத்தடுத்துள்ள ஆறு படப்புள்ளிகளின் ஒளியளவு 100, 100, 100, 140, 140, 140 என இருக்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் அதன் இரு பக்கத்து அயல்களோடு கூட்டிச் சராசரி கண்டால் 100, 100, 113, 127, 140, 140 என ஒரு மங்கிய படம் கிடைக்கும். மூலத்திலிருந்து மங்கியதைக் கழிக்க எஞ்சுவது நடுவிலுள்ள இரண்டு புள்ளிகளில் மட்டும். ஒன்றில் 13 குறைவு, மற்றதில் 13 மிகுதி. அவ்வெச்சத்தை மூலத்தோடு கூட்டுக. வரிசை 100, 100, 87, 153, 140, 140 என்றாகும். முன்னர் 40 ஆக இருந்த படி இப்பொழுது 66 ஆயிற்று. கரியது மேலும் கறுத்தது, வெளியது மேலும் வெளுத்தது. மாக் தாளிற் கண்ட பொய்க்கீற்றுக்களை நாமே மெய்யாக வரைந்துவிட்டோம்! எச்சத்தை மும்மடங்காக்கிக் கூட்டினால் அவ்விரு புள்ளிகளும் 60 என்றும் 180 என்றும் ஆகும். அப்பொழுது முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் ஓடுவதைக் குழந்தையும் கண்டுகொள்ளும்.

கூர்மையாக்கும் இம்முறைக்கு அன்ஷார்ப் மாஸ்க், அதாவது கூர்மையற்ற மறைப்பு, என்று பெயரிட்டிருப்பது விநோதமாகத் தோன்றலாம். கணினிக்கு முந்திய இருட்டறையிலிருந்து வந்த பெயர் அது. நெகற்றிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பொசிற்றிவைச் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அச்சிடுவர். மங்கியது பெரும்பரப்புக்களின் வேறுபாட்டைத் தணிக்க, விளிம்புகள் மட்டும் தலைநிமிரும். 1930களில் செருமனியில் இம்முறை கையாளப்பட்டது. 1990இல் வெளிவந்த போட்டோஷொப் முதலிய செய்நிரல்கள் அதன் பெயரையும் சேர்த்தே பெற்றுக்கொண்டன.

கூர்மைப்படுத்தலே வேண்டாவெனின் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் இயலாது. கமராவின் உணரியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் பச்சை, சிவப்பு, நீலம் என்பவற்றுள் ஒரு நிறத்தையே அளக்கின்றது. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் 1976இற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மற்றை இரு நிறங்களும் அயற்புள்ளிகளைக் கொண்டு மதிப்பிடப்படுகின்றன. மதிப்பீட்டில் ஒரு மென்மங்கல் புகுவது தவிர்க்கவொண்ணாதது. அதனை ஈடுசெய்யும் அளவு கூர்மை எப்படத்துக்கும் உரியதே. கைத்தொலைபேசி எடுக்கும் படமோ நம் கைக்கு வருமுன்னரே கூர்மையாக்கப்பட்டுவிடுகின்றது. அதன்மேல் நாமும் ஒருமுறை கூர்மையாக்கினால் முகம் பனையோலைபோற் சரசரப்பாகும்.

செய்நிரல் நம்மிடம் மூன்று எண்களைக் கேட்கின்றது. எச்சத்தை எத்துணை மடங்கு கூட்டுவது என்பது முதலாவது. விளிம்பின் இரு மருங்கும் எத்துணைத் தூரம் மாற்றுவது என்னும் ஆரை இரண்டாவது. எத்துணைக்குக் குறைந்த வேறுபாட்டைத் தொடாது விடுவது என்னும் கீழெல்லை மூன்றாவது. உருவப்படத்துக்கு உயிர்நாடி இம்மூன்றாவதே என்பது எம் துணிபு. தோலின் நுண்துளைக்கும் அதன் அயலுக்குமுள்ள வேறுபாடு சில அலகுகள். இமைமயிருக்கும் கண்ணின் வெண்மைக்குமுள்ள வேறுபாடோ பல பத்து அலகுகள். கீழெல்லையைச் சிறிது உயர்த்தினால் துளைகள் உறங்கும், இமை விழிக்கும். ஆரையைப் பொறுத்தமட்டில், கண்ணுக்கும் மயிருக்கும் ஒரு படப்புள்ளி அளவே பெரும்பாலும் போதுமானது. ஆரையைப் பல பத்துப் புள்ளிகளாக்கினால் விளிம்பன்றி நிழற்பரப்புக்களே மாறும்; கன்னக்குழியும் கண்ணின் கீழுள்ள கருவளையமும் அழுக்குப் படிந்தாற்போல் ஆகிவிடும். லைற்றூம் செய்நிரலிற் கிளாரிற்றி என வழங்கும் கோல் இவ்வகையினது; மலைக்கும் முகிலுக்கும் அது நன்று, சிறுபிள்ளையின் முகத்துக்கு ஆகாது. 2019இல் அதனோடு சேர்க்கப்பட்ட ரெக்ஸ்சர் என்னும் கோல் நுண்கூறுகளுக்கும் பெருநிழல்களுக்கும் இடைப்பட்ட அளவுகளையே தொடுவது. அதனைத் தோலுக்குச் சற்று இடப்புறமும், தாடிக்கும் நெசவுக்கும் சற்று வலப்புறமும் நகர்த்தலாம்.

ஆகவே முகம் முழுவதையும் ஒருசேரக் கூர்மையாக்குவது தகாது. கண்மணி, இமை, புருவம், உதட்டின் வரம்பு, மயிர் என்பவற்றை மட்டும் தூரிகையால் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆயினும் தோலை மெழுகுபோல் வழித்துவிடுவதும் அதற்கீடான குற்றமே. எழுபது வயதுப் பெரியாரின் நெற்றிக்கோடுகளை அழித்துவிட்டு, அவருடைய கண்ணாடிச் சட்டத்தைக் கூர்மையாக்கிக் கொடுப்போர் உளர். கண்ணாடி அவருடையதுதான், முகம் எவருடையது?

கூர்மையே உருவப்படத்தின் மாண்பு என்று கருதுவோர்க்கு யூலியா மாகிறற் கமறனை நினைவூட்டல் தகும். இலங்கையின் 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தாற் பெயர்பெற்ற கோல்புறூக் – கமறன் ஆணைக்குழுவினருள் ஒருவரான சாள்ஸ் ஹே கமறனின் துணைவியார் இவர். 1863இல் தம் நாற்பத்தெட்டாவது வயதிற் கமராவைக் கையேற்றார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். படம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் நிலையில், மேலும் கூர்மைக்கு முயலாது வில்லையை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். அக்கால நிழற்பட வல்லுநர் பலர் அவற்றைக் குவியம் தப்பிய படங்கள் என எள்ளினர். எனினும் 1867இல் அவர் எடுத்த ஜோன் ஹேர்ஷலின் படத்தை இன்று நோக்குவார்க்கு, கலைந்த வெண்மயிரும் ஈரக்கண்ணும் தவிர வேறெதுவும் நினைவில் நில்லா. வானியல் அறிஞரின் சட்டைத் துணி எந்த நெசவு என்று கேட்பார் எவருமிலர்.

இனி, உண்மையாகவே மங்கிய படத்தை மீட்கமுடியாதா? ஓரளவு முடியும், மங்கல் எவ்வாறு நேர்ந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தால். 1990இல் விண்ணுக்கு அனுப்பிய ஹபிள் தொலைநோக்கியின் ஆடி பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு புள்ளியொளி அதிற் பரவும் வடிவம் அறியப்பட்டமையால், 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர் சென்று திருத்துமுன்னரே, கணக்கின்மூலம் படங்களை ஓரளவு செம்மையாக்கினர். வீட்டுப் பெட்டகத்துப் பழம்படத்துக்கு அத்தகைய அறிவு நமக்குக் கிடைப்பதில்லை.

இவ்விடத்திலேதான் செயற்கை நுண்ணறிவு என்னும் புதுத் துணைவன் வந்து நிற்கின்றான். அவன் வேறுபாட்டை மிகைப்படுத்துவதோடு அமைவதில்லை. தான் கற்ற எண்ணிறந்த முகங்களிலிருந்து இமையும் தோலும் பல்லும் எடுத்து ஒட்டுகின்றான். 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பல்ஸ் என்னும் செய்நிரலுக்குப் பராக் ஒபாமாவின் படத்தைச் சில கட்டங்களாகச் சிதைத்துக் கொடுத்தபோது, வெள்ளையர் ஒருவரின் முகம் வெளிவந்தது. இல்லாத முகங்களையே அது கற்பிக்கின்றது என அதனைச் செய்தவர்கள் முன்னரே சொல்லியிருந்தனர். அச்சொல்லைக் கேட்டவர் சிலரே.

நம்மிடையே இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பாட்டனாரின் முகத்துக்கு எஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கென எடுத்த ஒரு சிறு படமாகவே இருக்கக் காண்கின்றோம். அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு அதனைப் பெருப்பிக்கும்போது, கணினி கொடுக்கும் ஒளிபொருந்திய முகத்தைக் கண்டு பிள்ளைகள் மகிழ்கின்றனர். பாட்டனாரை அறியாத பேரர், அம்முகமே அவர் என்று கொள்வர். அவ்வாறு செய்தலினும் படத்தைச் சிறிதாக அச்சிடுதல் நன்று. 35க்கு 45 மில்லிமீற்றர் அளவினதான படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் பிரதிசெய்தால் ஏறத்தாழ 1650க்கு 2125 படப்புள்ளிகள் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 வீதம் அச்சிட ஐந்தரை அங்குல அகலம் வரும். பழைய தாளில் அத்துணை நுண்கூறு இருப்பது அரிதாகலின், அதன் பாதியளவே தக்கது. மூலப்பிரதியைத் தொடாது வைத்து, வேறொரு பிரதியிலே தூசியையும் கீறலையும் நீக்குக. அச்சுத்தாளில் மை சிறிது பரவுமாதலால், திரையில் ஒரு சிறிது மிகையாகத் தோன்றும் அளவுக்குக் கண்களையும் மீசையையும் கூர்மையாக்கலாம், கன்னங்களைத் தொடவேண்டா.