கவிழ்த்த மறுநாள்

2003 மே 12 அன்று பாக்தாத்தில் வந்து இறங்கிய பால் பிரெமருக்கு அரபு மொழி தெரியாது. அதற்கு முன் இராக்கில் அவர் வேலை பார்த்ததும் இல்லை. ஆனால் அன்று முதல் அந்த நாட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அமெரிக்கா நியமித்த நிர்வாகி என்ற முறையில் நான்கே நாளில் முதல் ஆணையைப் பிறப்பித்தார்: சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல் நான்கு படிகளில் இருந்த எவரும் இனி அரசு வேலையில் இருக்கக் கூடாது. மே 23 அன்று இரண்டாவது ஆணை வந்தது. இராணுவம், பாதுகாப்பு அமைச்சகம், உளவு அமைப்புகள் எல்லாம் கலைக்கப்பட்டன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கொடுங்கோலன் போன பிறகு அவனுடைய ஆட்களுக்கு அரசுச் சம்பளம் எதற்கு? ஆனால் சதாமின் இராக்கில் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ பொறுப்பாளராக வர விரும்பியவர்கள் பெரும்பாலும் கட்சியில் படியேறித்தான் வந்திருந்தார்கள். அதனால் முதல் ஆணை, கொலைகாரர்களோடு சேர்த்து ஆசிரியர்களையும் பொறியாளர்களையும் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியது. இரண்டாவது ஆணை ஏறத்தாழ நான்கு லட்சம் படைவீரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. ஜூன் 18 அன்று அவர்களில் ஒரு கூட்டம், அமெரிக்கத் தலைமையகமாகிவிட்டிருந்த சதாமின் அரண்மனை வாசலில் சம்பளம் கேட்டுத் திரண்டது. கல்வீச்சு நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, இரண்டு பேர் செத்தார்கள். மாதாமாதம் உதவித்தொகை தருகிறோம் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆயுதப் பயிற்சியும் அவமானமும் உள்ள, கையில் காசில்லாத பெருங்கூட்டம் ஒன்று அதற்குள் உருவாகிவிட்டது. 2014 ஜூனில் மோசுல் நகரைப் பிடித்த ஐ.எஸ். அமைப்பைக் கட்டியவர்களில் சதாமின் பழைய அதிகாரிகள் பலர் இருந்தார்கள். அதன் அமைப்பாளர்களில் முக்கியமானவராகச் சொல்லப்படும் ஹாஜி பக்ர், சதாமின் படையில் கர்னலாக இருந்தவர்.

பலம் மிக்க நாடு ஒன்று அயல்நாட்டுச் சர்வாதிகாரியைப் படை அனுப்பி நீக்கலாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் பேச்சு அந்தச் சர்வாதிகாரியின் கொடுமைகளில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர் கெட்டவரா என்பது பெரும்பாலும் சிக்கலே இல்லாத கேள்வி. 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்ற குர்து நகரத்தின் மீது நச்சு வாயு வீசி ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்ற ஆட்சி சதாமுடையது. அப்படிப்பட்டவர் போக வேண்டும் என்பதில் யாருக்கு மாற்றுக் கருத்து? அவரை நீக்க முடியுமா என்பதும் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. 2003 மார்ச் 20 அன்று தொடங்கிய போர் ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தை வீழ்த்திவிட்டது, மூன்றே வாரம். மறுநாள் காலை அந்த நாட்டை யார் நடத்துவது? வழக்கு முழுவதும் இந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. படைபலம் முதல் இரண்டு கேள்விகளைக் கடந்துவிடும். மூன்றாவதில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே, படுகொலை ஒன்று நடந்துகொண்டிருக்கையில் அதை நிறுத்துவதற்காக என்ற குறுகிய விலக்கைத் தவிர, அந்த வேலைக்கு எந்த வல்லரசும் இறங்கக் கூடாது என்பதே என் கட்சி.

இராக்கில் நடந்தது பிரெமர் என்ற ஒரு மனிதரின் அவசரபுத்தி, வேறு ஆள் போயிருந்தால் சரியாகச் செய்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஆனால் சர்வாதிகாரம் நிற்பதே தனக்குப் பின் ஆள் இல்லாமல் செய்துவிடுவதன் மேல்தான். எதிர்க்கட்சியை ஒழிக்கிறார்கள், தொழிற்சங்கத்தை விலைக்கு வாங்குகிறார்கள், நீதிபதியைப் பயமுறுத்துகிறார்கள், ஒரு படையைக் கண்காணிக்க இன்னொரு படையை வைக்கிறார்கள். கொஞ்சம் செல்வாக்கு வளர்ந்த தளபதி சிறைக்கோ கல்லறைக்கோ போகிறார். லிபியாவின் கடாபி இந்தக் கலையின் உச்சம். 42 ஆண்டு ஆட்சியில் கட்சிகளைத் தடைசெய்தார். முறையான அரசியல் சட்டம் என்று ஒன்று இல்லை. தேசிய இராணுவத்தை வேண்டுமென்றே நோஞ்சானாக வைத்துவிட்டு, மகன்களின் பொறுப்பில் தனிப் படைகளை வளர்த்தார். 2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை லிபியா குறித்து 1973-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுமக்களைக் காப்பதற்கு அனுமதி தந்த அந்தத் தீர்மானத்தில் இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. நேட்டோ விமானங்கள் ஏழு மாதம் குண்டு வீசின. காப்பாற்றப் போனவர்கள் இடையிலேயே கவிழ்ப்பதற்கு மாறினார்கள். அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார். பிறகு? ஊருக்கு ஓர் ஆயுதக் குழு, 2014-இலிருந்து கிழக்கே ஓர் அரசு, மேற்கே ஓர் அரசு. லிபியக் கிடங்குகளிலிருந்து கிளம்பிய ஆயுதங்கள் 2012-இல் மாலி நாட்டைப் பற்றவைத்தன. கடாபிக்குப் பிந்தைய நாளுக்குத் திட்டமிடத் தவறியதே தன் பதவிக்காலத்தின் மோசமான தவறு என்று ஒபாமாவே 2016-இல் ஒப்புக்கொண்டார். இங்கே பிரெமர் யாரும் இல்லை, படையைக் கலைத்த ஆணையும் இல்லை. அப்படியும் முடிவு அதேதான். இராக்கில் அரசைக் கலைத்தார்கள். லிபியாவில் கலைக்கக்கூட அரசு இருக்கவில்லை.

அப்படியானால் ஜெர்மனியும் ஜப்பானும்? இந்தக் கேள்வி வராத விவாதமே கிடையாது. 1945-இல் தோற்ற இரண்டு நாடுகளிலும் அந்நியப் படைகள் ஜனநாயகத்தை நட்டன, அது வேர் பிடித்தது. உண்மைதான். ஆனால் அதை எப்படிச் செய்தார்கள் என்று யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. ஜப்பானில் பேரரசரை அரியணையில் விட்டார்கள், அமைச்சகங்களை அப்படியே வைத்து அவற்றின் வழியாகவே ஆணைகளை அனுப்பினார்கள். 1952 வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அங்கே 1925-லேயே வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை சட்டமாகியிருந்தது. ஹிட்லருக்கு முன் ஜெர்மானியர்கள் 14 ஆண்டு குடியரசில் வாழ்ந்தவர்கள். தொழிற்சாலை, பள்ளி, நீதிமன்றம், கட்சி என எல்லாவற்றுக்கும் பழகிய மனிதர்கள் மிச்சம் இருந்தார்கள். அந்நியர்கள் கட்டினார்கள் என்பதைவிட, அங்கிருந்ததை மறுபடி ஓடவிட்டார்கள் என்பதே பொருத்தம். இன்னொன்று, அவை சர்வாதிகாரியை நீக்குவதற்காகத் தொடங்கிய போர்களே அல்ல. தாக்கப்பட்ட நாடுகள் தற்காப்புக்கு இறங்கி, கடைசி வரை போய் முடித்தவை. அதற்குத் தேவைப்பட்ட ஆள்பலமும் வேறு. 1945-இல் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படை மட்டும் 10 லட்சத்தைத் தாண்டும். இராக் போருக்கு முன் 2003 பிப்ரவரி 25 அன்று அமெரிக்க செனட் குழு முன் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பின் அந்த நாட்டைப் பிடித்து நிறுத்தப் பல லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்றார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் பால் வோல்ஃபோவிட்ஸ் அது முழுக்கத் தப்புக் கணக்கு என்று ஒதுக்கினார். போனவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். பாக்தாத் விழுந்த வாரத்தில் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து ஏறத்தாழ 15,000 பொருட்கள் கொள்ளை போனபோது தடுக்க ஆளில்லை. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் இருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒருவன் தன் மக்களை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கையில் எல்லைக்கோட்டைக் காட்டி உலகம் கைகட்டி நிற்பதா? இதற்கு விடை சொல்லாமல் நழுவுவது நேர்மையாகாது. கம்போடியாவில் பொல் பொட் ஆட்சியின் நான்கு ஆண்டுக்குள் 15 லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1978 டிசம்பரில் வியட்நாம் படை நுழைந்தது, 1979 ஜனவரி 7 அன்று நோம்பென் விழுந்தது, கொலைக்களங்கள் ஓய்ந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்று தான்சானியப் படை, உகாண்டா நாட்டிலிருந்து ஓடிவந்த போராளிகளோடு சேர்ந்து கம்பாலாவைப் பிடித்து இடி அமீனை விரட்டியது. 1972-இல் ஆசிய வம்சாவளியினரை, பெரும்பாலும் இந்தியர்களை, 90 நாள் கெடு கொடுத்துத் துரத்திய அதே அமீன்தான். இரண்டுமே நல்ல காரியங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இரண்டையும் செய்தவை பக்கத்து நாடுகள். பொல் பொட்டின் கெமர் ரூஜ் படைகள் வியட்நாமிய கிராமங்களைச் சூறையாடின. அமீனின் படை 1978 அக்டோபரில் தான்சானியாவின் ககேரா பகுதியைப் பிடித்துக்கொண்டது. உலகுக்கு ஜனநாயகம் கொண்டுபோகிறோம் என்று இவர்கள் யாரும் கிளம்பவில்லை. வல்லரசுகள் இதை எப்படிப் பார்த்தன என்பதுதான் விசித்திரம். அமெரிக்காவும் சீனாவும் வியட்நாமைக் கண்டித்தன. துரத்தப்பட்ட கெமர் ரூஜ் தரப்பே ஆண்டுக்கணக்கில் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மனிதநேயத்துக்காக எல்லை தாண்டலாம் என்று பின்னாளில் பாடம் எடுத்தவர்களில் பலர், அது உண்மையிலேயே நடந்தபோது எதிர்த்து வாக்களித்தவர்கள்.

அந்த இரண்டு வெற்றிகளும் எதைத் தந்தன, எதைத் தரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். உகாண்டா நாட்டில் அமீனுக்குப் பின் வந்த யூசுஃப் லூலே 68 நாள் தாக்குப்பிடித்தார். அடுத்து பினைசா, பிறகு மோசடிப் புகாருக்கு உள்ளான 1980 தேர்தலில் ஒபோடே, பிறகு லுவேரோ பகுதியில் உள்நாட்டுப் போர், பெரும் உயிர்ச்சேதம். 1986 ஜனவரியில் கம்பாலாவைப் பிடித்த முசேவேனி நாற்பது ஆண்டாக நாற்காலியை விடவில்லை. கம்போடியாவில் 1985-இல் பிரதமரான ஹுன் சென் 2023-இல்தான் அதைத் தன் மகனிடம் கொடுத்தார். ஆக, படையெடுப்பால் கொலையை நிறுத்த முடிந்தது. நல்லாட்சியைக் கொண்டுவர முடியவில்லை. நோக்கம் முதலாவதோடு நிற்கும்வரை அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாவதையும் சேர்த்துச் செய்கிறேன் என்று கிளம்பும்போதுதான் இராக் நடக்கிறது. சதாம் விஷயத்தில் முதலாவது நியாயமும் காலாவதியாகியிருந்தது. ஹலப்ஜா நடந்தபோதும், 1991-இல் இராக்கியர்களை எழச்சொல்லி அமெரிக்க அதிபர் அழைத்து, அவர்கள் எழுந்து, கொன்று குவிக்கப்பட்டபோதும் யாரும் பாக்தாத்துக்குப் போகவில்லை. 2003-இல் சொன்ன காரணம் பேரழிவு ஆயுதங்கள். அவை கடைசிவரை அகப்படவில்லை.

விதிவிலக்காகப் பனாமாவைச் சொல்வார்கள். 1989 டிசம்பர் 20 அன்று அமெரிக்கப் படை நுழைந்து, சில வாரங்களில் அந்நாட்டுச் சர்வாதிகாரி நொரியேகாவைப் பிடித்துக்கொண்டு போனது. அதன்பின் அங்கே தேர்தல்கள் ஒழுங்காக நடக்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் கியேர்மோ என்டாரா ஏற்கெனவே வென்றிருந்தார். நொரியேகா அந்த முடிவைத்தான் ரத்து செய்திருந்தார். மறுநாள் யார் என்ற கேள்விக்கு அந்த நாட்டு மக்களே வாக்குச்சீட்டில் பதில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வாய்ப்பு எத்தனை இடத்தில் கிடைக்கும்? அங்கேயும் எல் சொரியோ என்ற ஏழைக் குடியிருப்பு எரிந்து சாம்பலானது. செத்த பொதுமக்களின் கணக்கு இன்றும் சர்ச்சையில்தான் இருக்கிறது.

யார் சர்வாதிகாரி என்று தீர்ப்பெழுதும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இன்னொரு சங்கடம். 1953-இல் ஈரானில் நாடாளுமன்றம் ஏற்ற பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்க்க அமெரிக்காவும் பிரிட்டனும் துணைபோயின. மறு ஆண்டு குவாதமாலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் அர்பென்ஸைக் கவிழ்க்க சி.ஐ.ஏ. ஆள் சேர்த்தது. நொரியேகா ஒரு காலத்தில் அதே சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கியவர். 1983 டிசம்பரில் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அமெரிக்க அதிபரின் தூதராகப் பாக்தாத் போய்ச் சதாமுடன் கைகுலுக்கினார். 2003-இல் சதாமைக் கவிழ்த்த போரின் பாதுகாப்புச் செயலரும் அவர்தான். இதைச் சொன்னால், பழைய பாவத்தைக் காட்டி இன்றைய நல்ல காரியத்தைத் தடுக்கிறீர்கள் என்பார்கள். பழைய பாவமாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். வேண்டியவர் என்றால் தாங்குவது, வேண்டாதவர் ஆனதும் தூக்குவது என்ற வழக்கம் இருக்கும்வரை அந்தத் தீர்ப்பை அந்த நாட்டு மக்களே நம்புவதில்லை. நம்பாத மக்கள், வந்திறங்கிய படையை விடுதலைக்கு வந்ததாகப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு சர்வாதிகாரியை நீக்கினால் மற்றவர்கள் பயந்து திருந்துவார்கள் என்ற வாதமும் உண்டு. கடாபி 2003 டிசம்பரில் தன் அணுஆயுதத் திட்டத்தைக் கைவிட்டார். எட்டு ஆண்டுக்குள் அவர் ஆட்சியும் போனது, உயிரும் போனது. 2011-இல் லிபியா மீது குண்டு விழத் தொடங்கியதுமே, ஆயுதத்தை ஒப்படைத்தவனுக்கு இதுதான் கதி என்ற பொருளில் வட கொரியா அறிக்கை விட்டது. அணுகுண்டைக் கையில் வைத்திருக்கும் அந்த ஆட்சியின் மேல் படை அனுப்ப யாரும் துணியவில்லை. மற்ற சர்வாதிகாரிகள் கற்ற பாடம் திருந்துவதைப் பற்றியது அல்ல.

ஒன்றும் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வல்லரசின் கை பல சர்வாதிகாரிகளின் முதுகில் ஏற்கெனவே இருக்கிறது. ஆயுதமாக, கடனாக, தூதரக ஆதரவாக. முதலில் அதை எடுக்கலாம். 1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் எட்சா சாலையில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டு டாங்கிகளை மறித்தார்கள். இருபது ஆண்டாக அமெரிக்காவின் செல்லப்பிள்ளையாக இருந்த அதிபர் மார்கோஸ், இன்னும் ஆதரவு உண்டா என்று தெரிந்துகொள்ள வாஷிங்டனுக்குத் தொலைபேசியில் பேசினார். செனட்டர் பால் லாக்சால்ட் விலகிவிடுங்கள் என்றார். மார்கோஸ் அமெரிக்க விமானத்தில் ஹவாய்க்குப் போனார். அமெரிக்கப் படை மணிலாவில் ஒரு குண்டும் சுடவில்லை. மறுநாள் யார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அந்த மாதத் தேர்தலில் தாங்கள் வாக்களித்து வென்றவராகப் பெருவாரியான மக்கள் கருதிய கொரசோன் அக்கினோ பதவியேற்றுவிட்டிருந்தார். அதன்பின் பல முறை இராணுவப் புரட்சி முயற்சி, ஊழல், வறுமை எல்லாம் இருந்தன. 2022-இல் மார்கோஸின் மகனே தேர்தலில் நின்று அதிபரானார். பலருக்கு அது கசப்பாக இருக்கலாம். ஆனால் அவரை வேண்டாம் என்று நினைக்கும் பிலிப்பைன்ஸ் குடிமகனுக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது.