சேவ் பண்ணினியா தம்பி?

உலகத்திலேயே ரொம்ப அமைதியான விபத்து எது தெரியுமா? கம்ப்யூட்டரில் ஒன்பது பக்கம் காணாமல் போவதுதான். சத்தம் கிடையாது, ரத்தம் கிடையாது. மானிட்டர் ஒருமுறை கண் சிமிட்டும். அப்புறம் அதில் உங்கள் முகம்தான் தெரியும். வாய் பிளந்தபடி!

எனக்கு அது நடந்தது 2012 நவம்பரில், கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

பெரியப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். பன்னீர் திராட்சை. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ஜாதி!) தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோட்டக்காரர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். பத்து நாளில் வெட்டு. லாரி உள்ளே வராவிட்டால் பழமெல்லாம் காக்காய்க்கும் அணிலுக்கும்தான்.

திங்கட்கிழமை தேனி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மனு எழுத வேண்டும். "பி.காம். படிச்ச பய வீட்டுல இருக்கையில வெளியாளு எதுக்கு?" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார் பெரியப்பா. பி.காமுக்கும் வண்டிப்பாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது.

இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த வருஷம் யார் யாருக்கு விற்றார்கள், சர்வே நம்பர் என்ன, எந்தப் புளியமரத்திலிருந்து எந்தக் கிணறு வரைக்கும் பாதை... எல்லாம் எழுபத்தெட்டு வயசு ஞாபகம். காகிதத்தில் ஒரு வரி கிடையாது. நான் தம்பியின் பழைய கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து தட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது பக்கம் முடிந்தது. சேவ் பட்டனை அமுக்கினேன்.

கரண்ட் போனது.

அந்த வருஷத்து மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் கரண்ட் வருகிற நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். இத்தனைக்கும் எங்கள் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் லோயர் கேம்ப்பில் நீர்மின் நிலையம், கால்மாட்டில் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள். நடுவில் நாங்கள் மெழுகுவர்த்தியோடு! யு.பி.எஸ்? இருந்தது. அதன் மேல் பெரியம்மா குத்துவிளக்கு வைத்திருந்தார். அதன் பேட்டரி செத்து வருஷக்கணக்காகி இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வேர்டைத் திறந்தால் இடது பக்கம் ஒரு பட்டியல் வந்து நின்றது. பதற்றத்தில் படிக்காமலே மூடினேன். "இதெல்லாம் வேண்டுமா, அழித்துவிடவா?" என்று கேட்டது. "அழி" என்று அமுக்கினேன். பிற்பாடுதான் தெரிந்தது, அதுதான் 'ஆட்டோ ரெகவர்'. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நமக்குத் தெரியாமல் ஒரு நகல் எடுத்து வைக்கிற புண்ணியவான். வாசலுக்கு வந்த ஆபத்பாந்தவனை "சில்லறை இல்லை, போப்பா" என்று அனுப்பியவன் நான்.

மிச்சமிருந்தது அசல் ஃபைல். அதுவும் எழுதும்போதே கரண்ட் போனதால் அரைகுறை. திறக்கவே மாட்டேன் என்றது.

பென்டிரைவில் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு ஓடினேன். டி.டி.பி. கடைப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். வேர்டில் ஃபைல் திறக்கிற கட்டத்தில், கீழே ஃபைல் வகைகள் பட்டியலில் 'ரெகவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கெட்டுப்போன ஃபைலிலிருந்து எழுத்தை மட்டும் வழித்து எடுக்கிற வித்தை. திரை நிறைய வந்தது... இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே உளறல்!

"போச்சு" என்றேன்.

"இருங்கண்ணே" என்றான். மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, நான் அடித்த தமிழ் ஃபான்ட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தான். ஒரே நொடி. புளியமரம் வந்தது, கிணறு வந்தது, சர்வே நம்பர் வந்தது. பழைய தமிழ் ஃபான்ட்டுகள் இங்கிலீஷ் எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. ஃபான்ட் போனால் நாற்காலிதான் தெரியும். (யூனிகோடில் தமிழுக்குச் சொந்த நாற்காலி. இந்தப் பிரச்னை இல்லை.) பழைய ஃபைல் உளறினால் அழித்துவிடாதீர்கள், சுவாமி!

அன்று கற்றதும், அப்புறம் பட்டுக் கற்றதும் இவை:

ஏதாவது அழிந்தால் முதலில் கண்ட்ரோல் இசட். ஃபைலை மூடும்வரை அது உங்கள் பக்கம்.

'டோன்ட் சேவ்' அமுக்கிவிட்டீர்களா? வேர்ட் 2010-க்குப் பிறகு வந்தவற்றில் ஃபைல், இன்ஃபோ வழியாகப் போனால் 'ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' இருக்கிறது. உடனே பாருங்கள். நிரந்தரமாக வைத்திருக்காது.

ஃபைல் கெட்டுவிட்டதா? ஓப்பன் பட்டனின் ஓரத்து அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்'.

ஆட்டோ ரெகவரின் பத்து நிமிஷத்தை ஆப்ஷன்ஸில் போய் இரண்டாகக் குறையுங்கள். மேலே 'ஆட்டோசேவ்' என்று இருப்பது வேறு ஆசாமி. ஃபைல் ஒன்டிரைவ் மாதிரி இடத்தில் இருந்தால்தான் வேலை செய்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே, இன்னொரு இடத்தில் ஒரு நகல். 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களை ஒரு தப்பான கட்டளை அழித்தது. ஸ்டுடியோவின் பேக்கப்பும் கைவிட்டது. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு அம்மணியின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

சரி, மனு? ஒன்பதில் எட்டுப் பக்கம் திரும்பி வந்தது. கடைசிப் பக்கம் போனது போனதுதான். பயந்துகொண்டே பெரியப்பாவிடம் சொன்னேன். அதில்தான் பக்கத்துத் தோட்டக்காரரை மூன்று தலைமுறைக்குத் திட்டியிருந்தார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போகட்டும்டா. அது கோவத்துல சொன்னது. பாதை வந்தாப் போதும்" என்றார்.

எட்டுப் பக்கத்தோடு மனு போனது. அந்த வெட்டுக்கு லாரி வரவில்லை. பழம் தலைச்சுமையாகத்தான் போனது, கூலி கையைக் கடித்தது. அப்புறம் சர்வேயர் வந்து, எட்டுப் பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு புளியமரத்திலிருந்து அளந்தார். அடுத்த வெட்டுக்கு லாரி உள்ளே வந்தது. வேலியை எடுத்தவர் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரேதான். ஒன்பதாம் பக்கத்தை அவர் படித்திருந்தால் எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர் எங்களுடையது. 1887-ல் பெரியாறு அணை வேலையைத் தொடங்கியவர், கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போகப் போக, மறுபடி கட்டி 1895-ல் முடித்தார். அந்தப் பொங்கலன்று பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்டா தம்பி, அந்த மனுசன் கட்டினதைத் தண்ணி கொண்டுபோச்சே, அவருகிட்ட நீ சொல்ற கண்ட்ரோல் இசட்டா இருந்துச்சு?"

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. ஒரு வரி அடித்தால் ஒரு தடவை சேவ். இந்தக் கட்டுரைக்கு எத்தனை என்று எண்ணவில்லை. இதோ, இன்னொன்று!