சட்டப் பள்ளியின் வாசலில் ஒரே மொழி

புது தில்லி: மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர் நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம், கன்னடத்தில் எழுதலாம். பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்கும் அந்த வசதி உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022-ல் தொடங்கியபோதே 13 மொழிகளில் நடந்தது. ஆனால், மக்களின் மொழியில் மக்களுக்காக வாதாட வேண்டிய வழக்கறிஞர்களை உருவாக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் வாசலில் மட்டும் இன்னமும் ஆங்கிலம் ஒன்றே காவல் நிற்கிறது.

"கிளாட்' எனப்படும் பொது சட்ட நுழைவுத் தேர்வு 2008-ம் ஆண்டு மே மாதம் முதல்முறையாக நடைபெற்றது. அதற்கு முன்பு ஒவ்வொரு சட்டப் பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்தியது. ஒரே மாணவர் பெங்களூர், ஹைதராபாத், போபால், கொல்கத்தா என்று ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இதை எதிர்த்து 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. அதன் தொடர்ச்சியாக, 2007 நவம்பரில் 7 பல்கலைக்கழகங்கள் பொதுத் தேர்வுக்கு உடன்பட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்று திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உள்பட 20-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இந்தத் தேர்வின் வழியாகவே மாணவர்களைச் சேர்க்கின்றன. தில்லியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் தனித் தேர்வு நடத்துகிறது.

அலைச்சல் குறைந்தது உண்மை. வாசல் அகலமானதா என்பதே இப்போதைய கேள்வி. அதற்கு விடை தேட, பெங்களூரில் இருந்து சுமார் 145 கி.மீ. தொலைவில் உள்ள மைசூர் நகரைப் பார்த்தாலே போதும்.

இரண்டு பாதைகள்

மைசூர் அரண்மனைக்கு அருகே உள்ள அக்ரஹாரம், பெயருக்கேற்ப ஒருகாலத்தில் வேதம் ஓதுவோரின் குடியிருப்பு. இன்று கடைகளும் போக்குவரத்தும் நெருக்கும் பகுதி. பக்கத்திலுள்ள கிருஷ்ணமூர்த்திபுரத்தில் சாரதா விலாஸ் சட்டக் கல்லூரி இருக்கிறது. ஜே.எஸ்.எஸ்., வித்யாவர்தக ஆகிய சட்டக் கல்லூரிகளும் இதே நகரில் உள்ளன. இந்தப் பகுதியில் வளரும் ஒரு மாணவருக்குச் சட்டம் படிக்க இரண்டு பாதைகள் உண்டு.

முதலாவது, உள்ளூர்ப் பாதை. ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மாநில சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகளில், பி.யு.சி. மதிப்பெண் அடிப்படையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அகில இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகளின்படி பொதுப் பிரிவினர் 45 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோர் 42 சதவீதம், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினர் 40 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். தமிழகத்திலும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பிளஸ் 2 மதிப்பெண்தான் அளவுகோல். இதற்கு மேலாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கும் 2021-ம் ஆண்டின் தமிழகச் சட்டம், சட்டப் படிப்புக்கும் பொருந்தும்.

இரண்டாவது, பெங்களூர் நாகர்பாவியில் உள்ள இந்திய தேசிய சட்டப் பள்ளிக்குப் போகும் பாதை. பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன் தலைமையில் 1988-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த இந்தப் பள்ளிதான் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பை நாடு முழுவதற்கும் முன்மாதிரியாக்கியது. பெரிய சட்ட நிறுவனங்கள், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் அறைகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு இங்கிருந்து நேர்வழி உண்டு. இந்தப் பாதையில் செல்ல "கிளாட்' எழுதியே ஆக வேண்டும்.

என்ன கேட்கிறார்கள்?

தேர்வு 2 மணி நேரம், 120 வினாக்கள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டப் பகுத்தறிவு, தருக்கம், அடிப்படைக் கணிதம் என்று ஐந்து பிரிவுகள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறானால் கால் மதிப்பெண் குறையும். சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சட்டக் கோட்பாட்டை விளக்கும் பத்தியைக் கொடுத்து, அதை ஒரு கற்பனை வழக்குக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இந்த முறையில்தான் சிக்கலும் இருக்கிறது. 2020-ல் வினாத்தாள் மாற்றி அமைக்கப்பட்ட பிறகு, எல்லாப் பிரிவுகளுமே பத்தியைப் படித்து விடை எழுதும் வகையைச் சேர்ந்தவை. ஒரு பத்தி சுமார் 450 சொற்கள் வரை நீளும். கணிதக் கேள்விக்குரிய தகவலைக்கூட ஆங்கில உரைநடையில் இருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். சராசரியாக ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமே கிடைக்கிறது. படிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆங்கிலம் ஒரு பிரிவுக்குரிய பாடமாக இல்லாமல், தேர்வு முழுவதையும் அளக்கும் கோலாகிவிடுகிறது. கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ படித்த மாணவருக்குத் தருக்கம் புரியும். ஆனால் கடிகாரம் காத்திருக்காது.

காலமும் அவர்களுக்கு எதிராக இருக்கிறது. முன்பு மே மாதத்தில் நடந்த தேர்வு, 2022 முதல் டிசம்பருக்கு மாறிவிட்டது. அதாவது, மார்ச் மாத வாக்கில் வரும் பி.யு.சி. அல்லது பிளஸ் 2 பொதுத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பாக. விண்ணப்பம் அதற்கும் முன்பே, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிவிடும். பதினோராம் வகுப்பிலேயே இதைப் பற்றிச் சொல்ல வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் இருந்தால்தான் மாணவர் தயாராக முடியும். 2024 டிசம்பரில் நடந்த தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் ரூ.4 ஆயிரம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு ரூ.3,500. பயிற்சி மையத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செலுத்த வேண்டிய தொகை தனி.

பயிற்சி மையம் இல்லாமலும் தயாராக முடியாதா? முடியும். விண்ணப்பித்தவர்களுக்கு மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகத் தரப்படுகின்றன. பழைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் நேரம் குறித்துக்கொண்டு படிப்பது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பற்றிய செய்திகளைத் தொகுப்பது, வாரம் ஒரு முழு வினாத்தாளை எழுதிப் பார்ப்பது ஆகியவையே அடிப்படைப் பயிற்சி. ஆனால், ஆங்கில நாளிதழே வராத வீட்டில் இதை ஓராண்டில் சாதிப்பது எளிதல்ல.

இந்த இடைவெளியை நிரப்பவே பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் "ஐடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். விளிம்புநிலைக் குடும்பங்களின் மாணவர்களைத் தேடிக் கண்டறிந்து, பயிற்சியும் உதவியும் அளித்து சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது அதன் பணி. "கிளாட்' தேர்வை நடத்த நிரந்தர அமைப்பு வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றத்தை நாடியவரும் அவரே. 2019-ல் அவர் மறைந்த பிறகும் அமைப்பு தொடர்கிறது.

இட ஒதுக்கீடு வந்தது, மொழி மாறவில்லை

கர்நாடக மாணவர்களுக்குப் பெங்களூர் சட்டப் பள்ளியில் 25 சதவீத இடம் ஒதுக்கி, மாநில அரசு 2020-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பள்ளியின் தேசியத் தன்மையைச் சுட்டிக்காட்டி, அப்படிச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பர் 29-ல் அதை ரத்து செய்தது. எனினும், 2021 முதல் அந்தப் பள்ளியே தன் சொந்தத் திட்டத்தின் கீழ், கர்நாடகத்தில் குறைந்தது 10 ஆண்டுகள் படித்தவர்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது.

மைசூர் மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால், இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறவும் "கிளாட்' தரவரிசையே அடிப்படை. கர்நாடகத்தில் 10 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்தவரும், கன்னட வழியில் படித்தவரும் ஒரே பத்தியை ஒரே வேகத்தில் படித்தாக வேண்டும். ஒதுக்கீடு மாநிலத்துக்குக் கிடைத்தது. மாநிலத்தின் மொழிக்குக் கிடைக்கவில்லை.

மைசூருக்கு இந்த விவாதம் புதிதல்ல என்பது குறிப்பிடத்தக்கது. அரசுப் பணிகளில் ஒரு சமூகத்தாரே நிறைந்திருப்பதாக எழுந்த குறையை ஆராய, மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் ஒரு குழுவை அமைத்தார். அதன் தலைவர், மைசூர் தலைமை நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர். ஆங்கிலக் கல்வி எந்தச் சமூகங்களுக்கு எட்டவில்லை என்பதைக் கணக்கில் கொண்ட அக்குழு, பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் நீதிக் கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புவாரி அரசாணை வெளியிட்ட அதே காலகட்டம் அது. தகுதி என்ற சொல்லுக்குப் பின்னால் வாய்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்த மண் இது.

தில்லியில் நடந்த வழக்கு

"கிளாட்' தேர்வை மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று கோரிய பொதுநல மனு, 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் விசாரணைக்கு வந்தது. தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்களிடம் 2013-14-ல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆங்கில வழிப் பள்ளிகளில் இருந்து வந்தவர்கள் என்று தெரியவந்ததை மனுதாரர் சுட்டிக்காட்டினார். மாநில மொழிகளில் தேர்வு நடத்துவதற்கு ஆதரவாகவே அகில இந்திய பார் கவுன்சில் பதில் அளித்தது. தேர்வை நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்போ, இதை ஆராய நிபுணர் குழு அமைத்திருப்பதாகக் கூறி, உடனடியாகச் செயல்படுத்துவதில் உள்ள நடைமுறைச் சிக்கல்களை எடுத்துரைத்தது. 2025 டிசம்பரில் நடந்த தேர்வு வரை வினாத்தாள் ஆங்கிலத்திலேயே இருந்தது.

கூட்டமைப்பின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சட்டப் பல்கலைக்கழகங்களில் பாடமொழி ஆங்கிலம். அரசியலமைப்புச் சட்டத்தின் 348-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்களின் மொழியும் ஆங்கிலம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி தமிழக சட்டப்பேரவை 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியும் அது ஏற்கப்படவில்லை. ஆங்கிலம் தெரியாமல் சேரும் மாணவர் முதல் ஆண்டிலேயே திணறுவார் என்ற அச்சத்திலும் பொருள் உண்டு. சட்டச் சொற்களை மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் பிசகினால் விடையே மாறிவிடும் என்பதும் சரிதான்.

ஆனால், ஆங்கிலத்தில் மட்டும் நடத்தியதால் பிசகு நேராமல் இல்லை. 2018-ல் கணினி வழித் தேர்வில் ஏற்பட்ட கோளாறுகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2020-ல் பெங்களூர் சட்டப் பள்ளி தனித் தேர்வு நடத்த முயன்றது. செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக் குறிப்பில் பிழைகள் இருப்பதாகப் பல உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டன. அவை தில்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, கடைசியில் 2025 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே தரவரிசை இறுதியானது. வினாக்கள் தயாரிக்கப்பட்ட விதம் குறித்து நீதிபதிகள் வெளிப்படையாகவே வேதனை தெரிவித்தனர். பிழை மொழியில் இல்லை, கவனத்தில்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு இயலாது என்ற வாதத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் நடைமுறையே பதில். 2019 முதல் தன் தீர்ப்புகளை அது மாநில மொழிகளில் வெளியிட்டு வருகிறது. முதல் பட்டியலில் கன்னடம் இருந்தது; தமிழ் இல்லை. தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்த பிறகே தமிழும் சேர்க்கப்பட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே தமிழிலும் கன்னடத்திலும் தர முடியும்போது, பிளஸ் 2 மாணவருக்கான 120 வினாக்களைத் தர முடியாது என்பது நம்பும்படியாக இல்லை.

பாடமொழி ஆங்கிலம் என்பதாலும் தேர்வு ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவக் கல்லூரிகளின் பாடமொழியும் பெரும்பாலும் ஆங்கிலமே. நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதிவிட்டு அங்கே சேர்கிறார்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்க ஒரு பிரிவை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் மாணவரின் மொழியில் தரலாம். சேர்ந்த பிறகு முதல் ஆண்டில் சட்ட ஆங்கிலத்தைத் தீவிரமாகக் கற்பிக்கலாம். ஐந்தாண்டுப் படிப்பில் அதற்குப் போதிய அவகாசம் உண்டு.

சாமானியர் படியேறுவது பெரும்பாலும் கீழமை நீதிமன்றங்களில்தான். மைசூரில் சாட்சி கன்னடத்தில் பேசுகிறார். மதுரையில் தமிழில் பேசுகிறார். அந்தச் சாட்சியத்தின் நுட்பத்தை அறிந்தவர்கள் நாட்டின் சிறந்த சட்டப் பள்ளிகளுக்குள் நுழைய முடியாமல் போனால், இழப்பு அந்த மாணவர்களுக்கு மட்டுமல்ல. நாளைய மூத்த வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் இந்தப் பள்ளிகளில் இருந்தே அதிகம் வரப்போகிறார்கள். அவர்கள் எந்தப் பள்ளிக்கூடங்களில் இருந்து வருகிறார்கள் என்பதை இன்று முடிவு செய்வது இரண்டு மணி நேர வினாத்தாள். அது எந்த மொழியில் அச்சாக வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகங்களின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், மாநில அரசுகளும் நாடாளுமன்றமும் பேசியாக வேண்டும்.