சமையல் புத்தகம் படித்த பட்டினிக்காரர்கள்

உணவைப் பற்றியே ஓயாமல் நினைப்பவன் யார்? "சாப்பாட்டு ராமன்" என்பீர்கள். பட்டினி கிடப்பவனே என்று ஒரு பரிசோதனை காட்டியது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் அதைத் தொடங்கினார். போரில் பட்டினியால் வாடியவர்களைத் தேற்றுவது எப்படி என்று அறிவதே நோக்கம். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். முதல் 12 வாரங்கள் வயிறாரச் சாப்பாடு. அடுத்த 24 வாரங்கள் ஏறத்தாழ அதில் பாதிதான். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

உடல் எடை கால்பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு மெலிந்தது, குளிர் தாங்கவில்லை. மனம் என்னவாயிற்று? படிப்பிலும் நட்பிலும் நாட்டம் போய்விட்டது. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள்! சமையற்காரராகிவிடலாமா என்றுகூடச் சிலர் எண்ணினார்கள்.

இப்போது கல்லூரிக்கு வருவோம். சத்துணவியல் மாணவர்களிடையே உணவுக் கோளாறுகள் மிகுதியா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். எடை கூடிவிடுமே என்று அஞ்சி உணவை ஒதுக்குவதும், அளவின்றி உண்டுவிட்டு வாந்தி எடுப்பதும் இத்தகைய கோளாறுகள். ஆனால் மாணவர்களிடம் ஒரே ஒருமுறை வினாத்தாள் கொடுத்துக் கேட்டால், கோளாறு முந்தியதா, படிப்பு முந்தியதா என்று தெரியாது.

இரண்டு வழிகளை எண்ணிப் பார்க்கலாம். ஏற்கெனவே உணவைப் பற்றிக் கவலைப்படுபவர் அந்தப் படிப்பையே நாடலாம், மின்னசோட்டா இளைஞர்கள் சமையல் புத்தகத்தை நாடியதுபோல. அல்லது படிப்பே கவலையை வளர்க்கலாம். சிறிதளவு வெந்நீரில் வெப்பமானியை வைத்தால், அது கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்; அளக்கும் கருவியே அளவை மாற்றிவிடுகிறது! நாள்தோறும் தன் தட்டைக் கலோரிக் கணக்கால் அளப்பவரின் உண்ணும் பழக்கமும் அவ்வாறு மாறக்கூடும்.

இதற்காகச் சத்துணவியலைக் குறை சொல்லலாமா? கூடாது. நோயாளிக்கு உணவு வகுத்துத் தருவது அந்தப் படிப்புத்தான். உடல்நூல் கற்றவரையும் உடல்நோய் விட்டுவிடுவதில்லை, அவ்வளவே.

மாணவ நண்பர்களே, உங்கள் தோழியோ தோழனோ சாப்பாட்டு வேளையில் தினமும் சாக்குச் சொல்லி ஒதுங்கினால், எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், கேலி செய்யாதீர்கள். அது பிடிவாதம் அன்று, நோயாக இருக்கலாம். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள்.

அந்த இளைஞர்களுக்கு 1945இல் மீண்டும் உணவைக் கூட்டினார்கள். உடலும் மனமும் உடனே தேறிவிடவில்லை. மாதக்கணக்கில் பொறுமை தேவைப்பட்டது. உங்கள் நண்பருக்கும் அந்தப் பொறுமை வேண்டியிருக்கும்.