கேட் என்றால் படலை

"கேட் எண்டா படலைதானே தம்பி? ஆர் வந்து திறந்துவிடுவினம்?"

வெள்ளாங்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளியிருக்கும் பெரியம்மா, கனடாவிலுள்ள மகளிடம் தனியாகப் புறப்பட இருந்தா. கட்டுநாயக்காவில் ஏறி, டுபாயில் மாறி, ரொறன்ரோவில் இறங்க வேண்டும். நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவன் என்பதால் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்துத் தந்து, வழியில் காதில் விழக்கூடிய சொற்களை எல்லாம் தமிழில் எழுதித் தரச் சொன்னா.

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இந்த ஊர் போர்க்காலத்திலேயே விமானச் சொற்களை ஒருதரம் படித்து முடித்த ஊர். கிபிர், மிக், சகடை, கெலி, வண்டு. நாலு வயதுப் பிள்ளையும் சத்தத்தை வைத்தே எது வருகிறதென்று சொல்லும். வண்டு என்றது ஆளில்லாத வேவு விமானத்தை. நாள் முழுக்கத் தலைக்கு மேலே இரைந்தபடி நிற்கும். வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் கிபிர் வரும் என்பது எங்கள் கணக்கு. 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த அந்த இஸ்ரேலிய விமானத்தின் பெயருக்கு எபிரேய மொழியில் இளஞ்சிங்கம் என்று பொருளாம். அதை வளர்ந்த பிறகுதான் வாசித்தேன். சின்ன வயதில் அந்தச் சொல் கேட்டவுடன் கால் தானாகப் பங்கரடிக்குப் போய்விடும். சகடை, வண்டு என்பவை எங்கள் சனமே வைத்த பெயர்கள். யாரும் வகுப்பெடுக்கவில்லை, ஒருவரும் பிழையாக விளங்கிக்கொள்ளவும் இல்லை. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் இராணுவம் வெள்ளாங்குளத்தைப் பிடிக்கும்போது, சனம் அந்தச் சொற்களையும் பாய் தலையணையையும் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்துகொண்டிருந்தது.

ஏறிப் போகிற விமானத்துக்கு அந்நாளில் இங்கே சொல்லே தேவைப்படவில்லை. பெரியம்மாவின் தகப்பன் காலத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் தலைமன்னாருக்குப் போனார்கள். ரயில், கப்பல், மறுபடி ரயில். பியர், கஸ்டம்ஸ் என்ற இரண்டு சொல் தெரிந்தால் போதும். 1964 டிசம்பர்ப் புயல் அக்கரையிலிருந்த தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. போர் அதையும் நிறுத்தியது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் போனதுதான். ஆனால் அது காசுள்ளவர்களின் பயணம். பிறகு போரால் தரைப்பாதை பூட்டியிருந்த காலத்தில் பலாலியிலிருந்து கொழும்புக்குச் சனம் விமானத்தில் போகத் தொடங்கியது. 1998 செப்டெம்பர் 29 அன்று அப்படிப் புறப்பட்ட ஒரு விமானம் 55 பேரோடு எங்கள் பக்கக் கடலில் விழுந்தது. எங்களுக்கு வடக்கேயுள்ள இரணைதீவுப் பக்கத்துக் கடலடியில் அதன் பாகங்களை 2012இல்தான் கண்டெடுத்தார்கள்.

இன்றைக்கு ஊரில் வீட்டுக்கு ஒருவராவது விமானம் ஏறியிருப்பார் போல இருக்கிறது: கட்டாருக்கு, குவைத்துக்கு, லண்டனுக்கு. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு, சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய் அங்கிருந்தே சென்னைக்கு ஏறலாம். நான் போனபோது பெட்டியில் கட்டிய துண்டில் சென்னையின் குறியீடாக 'எம்ஏஏ' என்றிருந்தது. 1996இல் மதராஸ் சென்னையாகி எவ்வளவோ காலம். பெட்டிக்கு மட்டும் அது இன்னும் மதராஸ்தான்.

பெரியம்மாவின் தாளுக்கு வருகிறேன். குடிவரவு, சுங்கம், புறப்பாடு என்று கட்டுநாயக்காப் பலகைகளில் தமிழிலேயே இருக்கும் சொற்களை விட்டுவிட்டேன். டுபாயில் கேட்கப்போகும் சொற்கள்தான் கரைச்சல். 'போர்டிங்' என்பதற்கு எதிரே 'ஏறச் சொல்கிறார்கள்' என்று எழுதினேன். போர்டிங் நேரமும் விமானம் கிளம்பும் நேரமும் வேறு வேறு என்பதைக் கோடிட்டேன். இரண்டாவதை நம்பி இருந்து விமானத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். 'ரான்சிற்' என்ற சொல்லில் பெரியம்மா நின்றுவிட்டா.

"இறங்கோணுமோ, இருக்கோணுமோ?"

"இறங்கோணும் பெரியம்மா. ஆனா வெளியில போகக் கூடாது. உள்ளுக்கையே நடந்து மற்றப் பிளேனுக்குப் போகோணும். பெட்டி தானா வரும்."

'ஹான்ட் லக்கேஜ்' என்று எழுதும்போது கைப்பைக்குள் நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லி, துணி சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்தோம். கேட் என்பதற்கு எதிரே 'படலை' என்றே எழுதினேன். பக்கத்தில் இலக்கத்துக்கு இடம் விட்டேன்.

ஒரு சொல் விளங்காததற்கு வானத்தில் உயிரே விலையாகியிருக்கிறது. 1990 ஜனவரியில் நியூயோர்க் மேலே சுற்றிய கொலம்பிய விமானமொன்றின் விமானிகள் எரிபொருள் தீர்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவசரநிலை என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறை அவர்களை வரிசையில் காக்க வைத்தது. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். இப்படியான விபத்துகளால்தான் சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி வந்தது. நடைமுறைக்கு வந்தது 2008 மார்ச்சில். அந்த மாதம் நாங்கள் இங்கே பங்கர் வெட்டிக்கொண்டிருந்தோம்.

விமானிக்கே இந்தப் பாடு என்றால், அறுபது தாண்டிய ஒரு மனுசி சொல் தெரியாமல் முழித்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எங்கள் பாடப்புத்தகங்களில் இந்தச் சொற்கள் இருக்க வேண்டும், பக்கத்தில் படலை போன்ற சொல்லோடு.

புறப்படும் இரவு வாகனத்தில் ஏறுமுன் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மெல்லக் கேட்டா: "கிபிர் மாதிரி இரையுமோ தம்பி?"

"உள்ளுக்க அவ்வளவு கேக்காது பெரியம்மா."

அடுத்த நாள் டுபாயிலிருந்து வட்ஸ்அப்பில் குரல் வந்தது. பின்னால் ஒலிபெருக்கி எதையோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

"படலைய மாத்திப்போட்டாங்கள் தம்பி. சேஞ்ச் எண்டு கேட்டுது. தாளைக் காட்டினன், ஒரு பிள்ளை புது நம்பரை எழுதித் தந்தது. இப்ப அங்கதான் நடக்கிறன்."