உஷார்! பெண்டுலத்தோடு கடிகாரத்தை இறக்காதீர்கள்!

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. தெருவுக்குத் தெரு வீடு மாற்றும் வண்டிகள் நிற்கின்றன. உங்கள் கூடத்துச் சுவரில் பெண்டுலம் ஆடும் பழைய கடிகாரம் இருக்கிறதா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஸ்டூலில் ஏறுங்கள். அமெரிக்காவின் அன்சோனியாவோ, ஜெர்மனியின் யுங்ஹான்ஸோ, ஜப்பானின் செய்கோஷாவோ, எதுவானாலும் சரி. பெண்டுலம் தொங்கிக்கொண்டிருக்கையில் அதைச் சுவரைவிட்டு இறக்கவே கூடாது!

வண்டியில் குலுங்கித்தான் கடிகாரம் கெடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே, ஆணியிலிருந்து எடுத்து, சாய்த்துப் பிடித்து, வாசல்வரை தூக்கி வருவதற்குள் பாதிச் சேதம் முடிந்துவிடுகிறது. கதவைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே மேல்பக்கம் பாருங்கள். பெண்டுலத்தின் மொத்த எடையையும் தாங்குவது ஒரு சின்ன எஃகுத் தகடு. சிலவற்றில் டயலைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். ஷேவிங் பிளேடு மாதிரி மெல்லியது. கடிகாரத்தைச் சாய்த்ததும் குண்டு ஒரு பக்கமாகப் போய் மோதும், தகடு மடங்கும். மடங்கிய தகட்டை நிமிர்த்திப் பயனில்லை. பெண்டுலம் நேராக ஆடாமல் நெளிந்து நெளிந்து ஆடி நின்றுவிடும். அதே குண்டு முன்கதவுக் கண்ணாடியை உள்ளிருந்தே உடைத்த வீடுகளும் உண்டு. அந்தக் காலத்துப் பூவேலைக் கண்ணாடி போனால் போனதுதான்!

சரி, பெண்டுலத்தைக் கழற்றிவிட்டால் போதுமா? போதாது. ஸ்பிரிங் இறுகியிருக்கும்போது கழற்றினால், தடுக்க ஆளில்லாமல் சக்கரங்கள் தடதடவென்று ஓடத் தொடங்கும். பற்கள் தேயும். அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில் ஸ்பிரிங்குக்கு மூடிய டப்பாவே கிடையாது, திறந்தபடி சுருண்டிருக்கும். அது அறுந்தாலோ நழுவினாலோ சக்கரத்தின் பல் உடையும், விரலையும் பதம் பார்க்கும். ஆகவே பத்து நாள் முன்பே சாவி கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். எட்டு நாள் கடிகாரமானால் ஸ்பிரிங் தளர்ந்து தானாகவே நின்றுவிடும். ஓடும் கடிகாரத்தை நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் தயங்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்; புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு ஓட விடலாம்.

நின்ற பிறகு, சுவரில் இருக்கும்போதே எல்லாக் கோணத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கடிகாரங்களில் குண்டு மட்டும் கொக்கியிலிருந்து கழன்று வரும். சிலவற்றில் தண்டோடு லேசாக மேலே தூக்கி எடுக்க வேண்டும். குண்டுக்கு அடியில் உள்ள திருகாணியைத் தொடாதீர்கள்! நேரம் முந்துவதும் பிந்துவதும் அதன் கையில்தான் இருக்கிறது. மணி அடிக்கும் சுத்தியலுக்கும் சுருள் கம்பிக்கும் நடுவே மெத்தென்ற துணியைச் செருகுங்கள். குண்டையும் சாவியையும் தனித்தனியாகச் சுற்றி உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திர மூட்டையில் போட்ட சாவி கிடைக்காது. எல்லாச் சாவியும் எல்லாக் கடிகாரத்துக்கும் பொருந்தவும் செய்யாது.

கதவு திறக்காமலிருக்க செல்லோ டேப் ஒட்டுகிறார்கள். ஐயோ, வேண்டாம்! டேப்பை உரிக்கும்போது பழைய பாலிஷும் சேர்ந்து உரிந்து வரும். நாடாவால் கட்டினால் போதும். முதலில் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி, அதன் மேல்தான் பபிள் ராப். அரக்கு பாலிஷ் மேல் பபிள் ராப் நேரடியாகப் பட்டால், வெயிலில் குமிழ்த் தடம் பதிந்துவிடும். லோடு வண்டியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே திணிக்காதீர்கள். கார் பின்சீட்டில் தலையணை மேல், டயல் மேலே பார்க்கும்படி படுக்கவைத்து நீங்களே கொண்டுபோங்கள். டீ குடிக்க இறங்கும்போது வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுக்கே குடிபெயர்கிறீர்களா? அப்படியானால் இன்னும் உஷார்! 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. வயது குறைவுதான் என்றாலும், பார்க்கப் பழசாக இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு வாதாடிப் பயனில்லை.

புது வீட்டில் ஜிப்சம் தடுப்புச் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். கெட்டியான சுவரில் துளைபோட்டு, ஸ்க்ரூ முறுக்கி மாட்டுங்கள். பெண்டுலத்தைக் கோத்து ஆட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள். ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். நொண்டினால் கடிகாரத்தின் அடிப்பாகத்தை மெல்ல இடம் வலமாக நகர்த்துங்கள். சீரானதும் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

அப்படியும் நின்றுபோனால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பிசுக்காகி உள்ளே எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பெண்டுலக் கடிகாரம் தெரிந்த கைக்குக் கொண்டுபோங்கள். “இந்த மெஷின் தேறாது, பேட்டரி மெஷின் போட்டுத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், உடனே கடிகாரத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்!