எழுத்தில் போலி, விதையில் போலி

பொருளியலைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, ஒரு தமிழ்ச் சொல் இன்றும் வியப்பளிக்கிறது. அச்சொல் ‘போலி’.

‘போல’ என்னும் உவமைச் சொல்லோடு உறவுடையது அது. இலக்கணத்தில் அதற்கு இழுக்கு எதுவுமில்லை. ஒரு சொல்லில் ஓர் எழுத்துக்குரிய இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருந்தால் அது போலி. ‘மஞ்சு’ என்பது ‘மைஞ்சு’ ஆவது முதற்போலி. ‘அறம்’ என்பது ‘அறன்’ ஆவது கடைப்போலி. எழுத்து மாறினாலும் அறம் அறமாகவே நிற்கும். சந்தையில் வழங்கும் போலி இதற்கு நேர்மாறானது. அங்கே தோற்றம் மாறுவதில்லை, பொருள்தான் மாறிவிடுகிறது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூர்ப் பண்டத்துக்கு அப்பெயரைச் சூட்டி விற்பதைச் சட்டம் தடுக்கிறது. மீறி ஒருவர் ஏமாற்றினாலும் இழப்பு சில ரூபாய்தான்; நாவே நீதிபதி. ஏமாந்தவர் மறுமுறை அக்கடைப் படியேறமாட்டார்.

விதை அவ்வாறன்று. எங்கள் கரிசல், மழையை நம்பிய மானாவாரி நிலம். என் இளமையில் தந்தையார் ஒரு கடையில் வாங்கி விதைத்த பருத்தி நன்றாகவே முளைத்தது, செடியும் செழித்தது. மாசி பிறந்தும் காய் அரிதாகவே பிடித்தது. கடைக்காரர் மழையைக் குறை சொன்னார். அதை மறுக்கத் தந்தையாரிடம் ரசீதுகூட இல்லை. ஓராண்டு உழைப்பு போயிற்று, கடன் நின்றது.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத இந்நிலையை, ஜார்ஜ் ஆக்கர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கினார். 2001இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். தரத்தைப் பிரித்தறிய இயலாதபோது, நல்ல சரக்குக்கும் உரிய விலை தர வாங்குபவர் தயங்குவார். நல்ல சரக்கு வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். ஆகவே போலியால் கெடுபவர் உழவர் மட்டுமல்லர்; நேர்மையான வணிகரும்தான்.

1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் முதல் குற்றத்துக்கு வகுத்த உச்ச அபராதம் 500 ரூபாய். ஏமாற்றிக் கிடைக்கும் ஆதாயம் அபராதத்தினும் பெரிதாயின், அபராதமும் வணிகச் செலவுகளுள் ஒன்றாகிவிடும். தண்டனை ஆதாயத்தை விஞ்ச வேண்டும். இழப்பீடு உழவரின் கைக்கு வர வேண்டும்.

உழவர்களும் ஒன்று செய்யலாம். விதை வாங்கிய ரசீது, பையில் இணைத்த சான்றட்டை, ஒரு பிடி விதை ஆகிய மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். பழியை மழையின்மேல் போடுவோருக்கு விடைசொல்ல, என் தந்தையாரிடம் இல்லாத சான்று உங்களிடம் இருக்கட்டும்.